இந்த வேலை யார் பெயரில் ஓடுகிறது? தானியக்க மென்பொருளில் அனுமதிகளை ஒழுங்குபடுத்துதல்

அலுவலக வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்கும் மென்பொருளை ஒரு நிறுவனம் நிறுவும்போது, யாருக்கு எந்த அனுமதி என்ற கேள்வி பெரும்பாலும் கடைசி நாளில்தான் எழுகிறது. ஊழியர் பட்டியலை ஒரு பக்கமும், மென்பொருள் தரும் நான்கைந்து ரோல்களை, அதாவது உரிமைத் தொகுப்புகளை, இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, மேலாளர் என்றால் அட்மின், மற்றவர் என்றால் சாதாரணப் பயனர் என்று அரை மணி நேரத்தில் பகிர்ந்துவிடுகிறார்கள். கோப்புகளைச் சேமித்து வைக்கும் மென்பொருளாக இருந்தால், இந்த அவசரத்தால் வரும் கேடு ஓர் எல்லைக்குள் அடங்கும். பார்க்கக் கூடாத ஒன்றை யாரோ பார்த்துவிடுவார். தானியக்க மென்பொருளில் நிலைமை வேறு. ஒருவர் எதைப் பார்க்கலாம் என்பதோடு, அவர் வீட்டுக்குப் போன பின்னும், அவர் உறங்கும் நேரத்திலும், எந்திரம் யாருடைய பெயரில் எதைச் செய்யும் என்பதையும் அங்கே அனுமதிதான் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். கணக்குப் பிரிவில் ஒருவர், சப்ளையர்கள் அனுப்பும் பில்களுக்காக ஒரு பணியோட்டத்தை அமைக்கிறார். பில் மின்னஞ்சலில் வந்ததும் உடன்வந்த கோப்பைத் திறந்து, தொகையையும் தேதியையும் எடுத்து, கணக்கு மென்பொருளில் பதிந்து, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மேலாளரிடம் ஒப்புதல் கேட்டு, ஒப்புதல் கிடைத்ததும் பணம் செலுத்த வேண்டியவர்களின் பட்டியலில் அது சேர்த்துவிடும். இதற்கு அந்தப் பணியோட்டம் மின்னஞ்சல் பெட்டிக்குள்ளும், கணக்கு மென்பொருளுக்குள்ளும், பணப்பட்டுவாடாப் பட்டியலுக்குள்ளும் போய்வர வேண்டும். அமைத்தவர் ஒவ்வோர் இடத்திலும் 'இணை' என்ற பொத்தானை அழுத்தித் தன் சொந்த லாகினைக் கொடுத்துவிடுகிறார். வேலை ஓடத் தொடங்குகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து, அவர் விடுப்பில் போகும்போது யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று, பக்கத்து மேசையில் இருக்கும் இருவருக்கும் அந்தப் பணியோட்டத்தைத் திருத்தும் உரிமை தரப்படுகிறது.

இப்போது அந்த இருவரிடமும் என்ன இருக்கிறது? திரையில் தெரிவது ஒரு பணியோட்டத்தைத் திருத்தும் உரிமை மட்டும். உண்மையில் அவர்களிடம் இருப்பது முதலாமவரின் மின்னஞ்சல் பெட்டி, அவருடைய கணக்கு மென்பொருள் உரிமை, அவருடைய பணப்பட்டுவாடா உரிமை ஆகிய மூன்றும். பணியோட்டத்தின் நடுவில் ஒரு படியைச் சேர்த்து, பெட்டியில் உள்ள எல்லா மின்னஞ்சல்களையும் வேறொரு முகவரிக்கு அனுப்பச் சொன்னால், எந்திரம் மறுக்காது. கணக்கு மென்பொருளின் பதிவேட்டில் முதலாமவரின் பெயர்தான் பதியும். அந்த இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவருடைய கடவுச்சொல் திருடுபோனால், திருடியவருக்குக் கிடைப்பது ஒருவரின் உரிமை அல்ல, இருவரின் உரிமை.

ஆகவே தானியக்க மென்பொருளில் அனுமதியை ஒழுங்குபடுத்த முனைவோர், ஊழியர் பட்டியலிலிருந்து தொடங்காமல், ஒவ்வொரு பணியோட்டத்தையும் எடுத்து, இது யார் பெயரில் ஓடுகிறது, அந்தப் பெயரால் என்னென்ன செய்ய முடியும், அந்தப் பெயரைக் கையாள யாருக்கெல்லாம் வழி இருக்கிறது என்று கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த மூன்று விடைகளின் மேல்தான் நிற்க முடியும்.

இந்தச் சிக்கல் தானியக்க மென்பொருளோடு பிறந்ததல்ல. நார்ம் ஹார்டி என்ற கணினியியலாளர் 1988இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில், பலர் பகிர்ந்து பயன்படுத்திய ஒரு கணினியில் நடந்ததைச் சொல்கிறார். ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் ஒன்று அங்கே இருந்தது. மொழியின் எந்தெந்த வசதிகள் எவ்வளவு பயன்படுகின்றன என்ற புள்ளிவிவரத்தை அது தன் கோப்பகத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்ததால், அந்தக் கோப்பகத்தில் உள்ள கோப்புகளில் எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. அதே கோப்பகத்தில்தான் கட்டண விவரங்கள் அடங்கிய கோப்பும் இருந்தது. பிழைதிருத்தத்துக்கு உதவும் விவரங்களை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று பயனரே கம்பைலரிடம் சொல்லலாம். ஒருவர் அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைச் சொன்னார். அவருக்கு அதைத் தொட உரிமை இல்லை, கம்பைலருக்கு இருந்தது. கம்பைலர் சொன்னபடி எழுதியது, கட்டண விவரங்கள் அழிந்துபோயின. தனக்குத் தரப்பட்ட அதிகாரம் எது, பயனர் சொன்னதற்காகச் செய்வது எது என்று பிரித்தறிய முடியாத அந்த நிரலைக் குழம்பிய பிரதிநிதி என்று ஹார்டி குறிப்பிட்டார். இன்றைய பணியோட்டம் ஒவ்வொன்றும் அப்படி ஒரு பிரதிநிதிதான்: ஒருவர் கொடுத்த அதிகாரத்தோடு, இன்னொருவர் அனுப்பும் தகவலை வாங்கி வேலை செய்கிறது.

அனுமதி பற்றிய சிந்தனை அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. பட்லர் லாம்ப்சன் 1971இல் எழுதிய கட்டுரையில், யார் என்பதை வரிசைகளாகவும் எது என்பதை நெடுவரிசைகளாகவும் வைத்து, சந்திக்கும் கட்டத்தில் என்ன செய்யலாம் என்று குறிக்கும் அணுகல் அணி என்ற அட்டவணையை முன்வைத்தார். 1975இல் ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை, பாதுகாப்பு வடிவமைப்புக்கு எட்டுக் கோட்பாடுகளைத் தொகுத்தது. அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்பது. இன்றுவரை எல்லாக் கையேடுகளிலும் திரும்பத் திரும்ப வருவது அதுதான். அந்த வரியில் 'ஒவ்வொரு நிரலும்' என்ற சொற்கள் முதலில் வருவதை நாம் கவனிப்பதில்லை. மனிதர்களுக்கு உரிமையைக் குறைத்துக் கொடுப்பதில் காட்டும் அக்கறையை, நிரல்களுக்குக் கொடுக்கும்போது நிறுவனங்கள் காட்டுவதில்லை. இன்னொரு கோட்பாடு, தடை என்பதே இயல்புநிலையாக இருக்க வேண்டும், அனுமதிதான் தனியாகத் தரப்பட வேண்டும் என்பது. புதிய பணியோட்டம் பிறந்தவுடனே பிரிவில் உள்ள எல்லோருக்கும் திறந்திருக்கும்படி அமைக்கப்பட்ட எந்த மென்பொருளும் இந்தக் கோட்பாட்டை மீறுகிறது. முதல் நாளே அந்த அமைப்பைத் தேடி மாற்றிவிட வேண்டும்.

எட்டில் இன்னொன்று, பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் எளிதாகவும் இயல்பாகவும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. ஒரு சிறு திருத்தத்துக்கு அனுமதி கேட்டு ஐந்து நாள் காத்திருக்க வைத்தால், ஆறாம் நாள் ஊழியர்கள் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கட்டுப்பாடின்மை என்று அவர்கள்மேல் பழிபோடுவது நியாயமில்லை. வேலையை முடிக்க வேண்டிய கட்டாயத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

எந்தெந்த உரிமைகளைப் பிரிக்க வேண்டும்

தானியக்க மென்பொருளில் ஒருவருக்குத் தரப்படும் உரிமையைப் பார்ப்பது, திருத்துவது என்று இரண்டாகப் பிரித்தால் போதாது. ஒரு பணியோட்டம் இருப்பதை அறிவது, அதன் படிகளைப் படிப்பது, அதை ஓடவிடுவது, முன்பு ஓடியதன் பதிவுகளைப் பார்ப்பது, படிகளைத் திருத்துவது, திருத்தியதை உண்மையான வேலைக்கு அனுப்புவது, உள்ளே உள்ள இணைப்புகளைப் பயன்படுத்துவது, பிறருக்கு உரிமை கொடுப்பது ஆகிய எட்டும் வெவ்வேறு செயல்கள். எல்லா மென்பொருளும் இவற்றை எட்டாகப் பிரித்துத் தருவதில்லை. சிலவற்றில் மூன்றோ நான்கோ ஒரே பொத்தானில் அடங்கியிருக்கும். எவையெவை ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று கண்டறிவது, மென்பொருளை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

இவற்றுள் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது ஓட்டப் பதிவு. ஒரு பணியோட்டம் ஒவ்வொரு முறை ஓடும்போதும், எந்தப் படியில் என்ன வந்தது, என்ன போனது என்பதைப் பெரும்பாலான மென்பொருள்கள் சேமித்து வைக்கின்றன. பிழை வந்தால் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும். ஆனால் சம்பளச் சீட்டுகளை அனுப்பும் பணியோட்டத்தின் ஓட்டப் பதிவில், ஒவ்வொருவரின் சம்பளமும் அப்படியே இருக்கும். மனிதவள மென்பொருளில் சம்பள விவரத்தைப் பூட்டி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் நிறுவனத்தில், பிழை பார்ப்பதற்காக ஓட்டப் பதிவைத் திறக்கும் உரிமை பெற்ற ஐடி உதவியாளர் அந்த விவரத்தை வரிவரியாகப் படிக்க முடியும். பதிவில் எந்தப் படிகளின் உள்ளீட்டை மறைக்க வேண்டும், பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற இரண்டு முடிவுகளும் அனுமதி அமைப்பின் பகுதிகளே. பல மென்பொருள்களில் குறிப்பிட்ட படியின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பதிவில் காட்டாமல் மறைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும்.

இரண்டாவது, ஓடவிடும் உரிமைக்கும் இணைப்பைப் பயன்படுத்தும் உரிமைக்கும் உள்ள உறவு. மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் என்ற தானியக்க மென்பொருளில், ஒருவரைப் பணியோட்டத்தின் இணை உரிமையாளராகச் சேர்க்கலாம், அல்லது ஓடவிட மட்டும் அனுமதிக்கலாம். இணை உரிமையாளர் அதைத் திருத்தலாம், அதில் உள்ள இணைப்புகளையும் பயன்படுத்தலாம். ஓடவிட மட்டும் அனுமதி பெற்றவருக்கு, அமைத்தவரின் இணைப்பிலேயே ஓடட்டுமா, ஓடவிடுபவர் தன் இணைப்பைத் தர வேண்டுமா என்று ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாகத் தீர்மானிக்க முடியும். சிறிய தேர்வுதான், ஆனால் விளைவு பெரிது. ஓடவிடுபவரின் சொந்த இணைப்பில் ஓடினால், அவருக்கு ஏற்கெனவே இல்லாத எந்த உரிமையும் பணியோட்டத்தின் வழியாகக் கிடைக்காது. கணக்கு மென்பொருளின் பதிவேட்டிலும் உண்மையில் செய்தவரின் பெயரே பதியும். அமைத்தவரின் இணைப்பில் ஓடினால், ஹார்டி சொன்ன கம்பைலர் மறுபடியும் எழுந்து நிற்கிறது. சில வேலைகளுக்கு இரண்டாவது வழி தேவைப்படவே செய்யும்: விடுப்பு கேட்கும் ஊழியருக்கு விடுப்புப் பதிவேட்டில் நேரடியாக எழுத உரிமை கொடுக்க முடியாது, பணியோட்டம்தான் அவர் சார்பில் எழுத வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில், ஊழியர் எதைச் சொல்லலாம், எந்த வரிசையை மட்டும் மாற்றலாம் என்று பணியோட்டமே சரிபார்க்கும்படி எழுத வேண்டும். அந்தச் சரிபார்ப்புப் படிதான் அங்கே அனுமதி அமைப்பு.

திருத்தும் உரிமையைப் பொறுத்தவரை, முன்னே சொன்னதையே மீண்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரு பணியோட்டத்தைத் திருத்த முடிந்தவர், அதன் எல்லாச் சாவிகளையும் வைத்திருப்பவர். ரோல் பட்டியலில் அவருக்கு என்ன பெயர் இருந்தாலும் சரி.

ரோல், குழு, கோப்புறை

லாம்ப்சனின் அணியை அப்படியே நிரப்ப முயன்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 ஊழியர்களும் 80 பணியோட்டங்களும் உள்ள நிறுவனத்தில், 9,600 கட்டங்கள். அவற்றை ஒருவர் கையால் நிரப்பினாலும், ஒரு மாதத்தில் அது பழையதாகிவிடும். இதற்கான விடையாகத்தான் ரோல் என்ற கருத்து வந்தது: உரிமையை மனிதருக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுப்பது, மனிதரை அந்தப் பொறுப்பில் அமர்த்துவது. டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992இல் இதை முறையாக வகுத்தார்கள். 1996இல் ரவி சந்துவும் அவருடைய சகாக்களும் அதை விரிவான மாதிரிகளாக வளர்த்தார்கள். 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டது. மேலே சொன்ன நிறுவனத்தில் 80 பணியோட்டங்களை 10 கோப்புறைகளில் பிரித்து, ஊழியர்களை 7 குழுக்களில் சேர்த்தால், முடிவெடுக்க வேண்டிய கட்டங்கள் 70. ஒரு பிற்பகலில் உட்கார்ந்து பேசி முடித்துவிடக்கூடிய எண்ணிக்கை அது.

ஆனால் கோப்புறைகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிரிவுவாரியாக, அதாவது விற்பனை, கணக்கு, மனிதவளம் என்று பிரிப்பது கைக்கு எளிது. அப்படிப் பிரித்தால், விற்பனைப் பிரிவின் கோப்புறையில் வாடிக்கையாளருக்கு வாழ்த்து அனுப்பும் பணியோட்டமும், தள்ளுபடி விகிதத்தை மாற்றும் பணியோட்டமும் அருகருகே இருக்கும். முதலாவதைத் திருத்தத் தெரிந்த புதிய ஊழியருக்கு இரண்டாவதும் திறந்துவிடும். பிரிவோடு சேர்த்து, எந்த இணைப்பைப் பயன்படுத்துகிறது என்பதையும் பார்த்துப் பிரிப்பதே நல்லது. பணத்தை நகர்த்தும் இணைப்பு உள்ளவை ஓரிடம், தனிநபர் விவரங்களைத் தொடுபவை ஓரிடம், நினைவூட்டல் மட்டும் அனுப்புபவை இன்னோரிடம். இப்படிப் பிரித்துவிட்டால், மூன்றாவது கோப்புறையைத் தாராளமாகத் திறந்துவிடலாம். எல்லோரும் அதில் கற்றுக்கொள்ளட்டும், தவறு செய்து திருத்திக்கொள்ளட்டும். கட்டுப்பாடு தேவையான இடத்தில் இறுக்கமாக இருக்க வேண்டுமானால், தேவையில்லாத இடத்தில் தளர்வாக இருக்க வேண்டும்.

ரோல்களுக்கு ஒரு நோயும் உண்டு. ஒருவருக்கு மட்டும் ஒரு சிறு விதிவிலக்கு தேவைப்படும். அதற்காக ஒரு புதிய ரோல் உருவாகும். இரண்டு ஆண்டுகளில் ஊழியர்களின் எண்ணிக்கையை நெருங்கும் அளவுக்கு ரோல்கள் பெருகி, எது எதற்கு என்று அமைத்தவருக்கே நினைவிருக்காது. விதிவிலக்கை ரோலாக்காமல், முடிவுத் தேதியோடு கூடிய தனி அனுமதியாகத் தருவது இதற்கு நான் கண்ட நல்ல மருந்து. முடிவுத் தேதி வைக்கும் வசதி மென்பொருளில் இல்லாவிட்டால், அந்தத் தேதியில் அனுமதியை நீக்கும் ஒரு பணியோட்டத்தையே எழுதிவிடலாம், அதற்காகத்தானே அந்த மென்பொருள் இருக்கிறது.

இணைப்புகளும் சேவைக் கணக்குகளும்

ஒருவரின் சொந்த லாகினில் பொதுவான பணியோட்டம் ஓடக் கூடாது என்பதற்கு, பாதுகாப்பைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஒப்பந்தங்கள் முடிவதற்கு 30 நாள் முன்பாகப் பொறுப்பாளர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் பணியோட்டம் ஒன்று இருந்தது. அமைத்தவர் வேலையை விட்டுப் போனார். விதிப்படி அன்று மாலையே அவருடைய கணக்கு மூடப்பட்டது. பணியோட்டம் மறுநாளே நின்றுவிட்டது. நின்றுவிட்டேன் என்று அது ஒழுங்காக மின்னஞ்சல் அனுப்பியது, மூடப்பட்ட அந்த முகவரிக்கே. நினைவூட்டல் வராததை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் வராத ஒன்றைக் கவனிப்பது யாருக்கும் கடினம். ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகி, பழுதான இயந்திரத்தைப் பார்க்க ஆள் வர மறுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கணக்கை மூடியவர் தவறு செய்யவில்லை. அமைத்தவரும் தவறு செய்யவில்லை. அந்த வேலை யார் பெயரில் ஓடுகிறது என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவது சேவைக் கணக்கு: எந்த மனிதருக்கும் உரியதாக இல்லாமல், ஒரு வேலைக்காகவே உருவாக்கப்படும் கணக்கு. நல்ல தீர்வுதான், ஆனால் அதை அரைகுறையாகச் செய்தால் முன்பைவிட மோசமாகிவிடும். நிறுவனம் முழுவதற்கும் ஒரே சேவைக் கணக்கை வைத்து, ஒவ்வொரு புதிய பணியோட்டத்துக்கும் தேவையான உரிமையை அதிலேயே சேர்த்துக்கொண்டு போனால், ஓராண்டில் நிறுவனத்திலேயே மிக அதிக அதிகாரம் கொண்ட பயனராக அந்தக் கணக்கு வளர்ந்து நிற்கும். அதற்கு விடுப்பு கிடையாது, மேலாளர் கிடையாது, சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்க முகமும் கிடையாது. முன்னே சொன்ன கோப்புறைப் பிரிவுக்கு ஏற்ப, ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு சேவைக் கணக்கு, ஒவ்வொரு சேவைக் கணக்குக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதப் பொறுப்பாளர், அவர் போனால் பொறுப்பேற்கும் இன்னொருவர் என்று வைத்தால்தான் அது பயன்படும்.

இணைப்புக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு மென்பொருள் இன்னொன்றில் நுழைய, பயனரின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6749 என்ற எண்ணோடு வெளியான ஓஆத் 2.0 என்ற இணைய நெறிமுறை, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் டோக்கனை, அதாவது மின்னணு அனுமதிச் சீட்டை, தரும் முறையை வகுத்தது. மின்னஞ்சலைப் படிக்க மட்டும் ஒரு டோக்கன், அனுப்ப மட்டும் இன்னொன்று என்று எல்லை வைக்கலாம். இணைக்கும்போது திரையில் வரும் பட்டியலைப் படிக்காமல் 'அனுமதி' என்று அழுத்திவிடுவதால்தான், காலண்டரைப் பார்க்க வேண்டிய பணியோட்டம் எல்லாக் கோப்புகளையும் அழிக்கக்கூடிய டோக்கனைச் சுமந்துகொண்டு திரிகிறது. அந்தப் பட்டியலை ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே இணைப்பு உருவாகும்படி, அட்மின் மட்டத்திலேயே அமைத்துவிடுவது நல்லது.

இத்தனை டோக்கன்களும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால், தானியக்க மென்பொருளே ஒரு சாவிக்கொத்தாகிவிடுகிறது. நிரல்களைச் சோதித்து வெளியிடும் வேலையைத் தானியக்கமாக்கும் சர்க்கிள்சிஐ நிறுவனத்தில் 2022 டிசம்பரில் ஒரு பொறியாளரின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்து, அவர் ஏற்கெனவே உள்நுழைந்திருந்த அமர்வின் அடையாளத்தைத் திருடியது; இரண்டடுக்குச் சரிபார்ப்பு அதைத் தடுக்க முடியவில்லை. 2023 ஜனவரி 4 அன்று அந்நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும், தன்னிடம் சேமித்து வைத்த எல்லா ரகசியச் சாவிகளையும் உடனே மாற்றும்படி கேட்டுக்கொண்டது. நம்மிடம் எத்தனை சாவிகள், எவை எங்கே திறக்கும் என்ற பட்டியலை முன்பே எழுதி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. பட்டியல் இல்லாதவர்கள் முதலில் தேட வேண்டியிருக்கும்.

அண்மைக் காலத்தில் பணியோட்டங்களுக்குள் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் வந்துவிட்டன. வந்த மின்னஞ்சலைப் படித்து, அடுத்து எந்தப் படி என்று அதுவே முடிவெடுக்கும். மின்னஞ்சலுக்குள் யாரோ எழுதிவைத்த ஒரு வரியை அது தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், குழம்பிய பிரதிநிதியின் இதைவிடத் தெளிவான வடிவத்தைக் கற்பனை செய்ய முடியாது. அத்தகைய படிக்கு வெளியாரின் எழுத்தைப் படிக்கும் உரிமை இருந்தால், பணத்தையோ தனிநபர் விவரத்தையோ வெளியே அனுப்பும் உரிமை அதே இணைப்பில் இருக்கவே கூடாது.

ஒப்புதல் தருபவரும் விதியை மாற்றுபவரும்

கணக்கு உலகில் ஒரு பழைய விதி உண்டு: பணத்தைக் கையாள்பவரே கணக்கையும் எழுதக் கூடாது. டேவிட் கிளார்க்கும் டேவிட் வில்சனும் 1987இல் இதைக் கணினிப் பாதுகாப்பின் கோட்பாடாக எடுத்துவைத்தார்கள். ராணுவத்துக்கு ரகசியம் முக்கியம், வணிகத்துக்குத் தரவு கெடாமல் இருப்பது முக்கியம், அதற்குப் பொறுப்புகளைப் பிரிப்பதே வழி என்பது அவர்கள் வாதம். அந்தப் பிரிவினை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1995இல் வீழ்ந்த பேரிங்ஸ் வங்கி பெரிய சாட்சி. சிங்கப்பூரில் நிக் லீசன் வர்த்தகத்தையும் செய்தார், அந்த வர்த்தகங்களைத் தீர்த்துப் பதியும் அலுவலகத்துக்கும் தலைவராக இருந்தார். 88888 என்ற எண் கொண்ட கணக்கில் அவர் மறைத்த நட்டம் 82.7 கோடி பவுண்டு. 1762இல் தொடங்கிய வங்கி அதோடு முடிந்தது.

தானியக்கத்தில் இந்த விதிக்கு ஒரு புதிய ஓட்டை விழுகிறது. பில் பணியோட்டத்தில், பில்லைப் பதிபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர், பணம் அனுப்புபவர் மூன்றாமவர். தணிக்கையாளர் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் எந்தத் தொகைக்கு மேல் ஒப்புதல் வேண்டும் என்ற வரம்பு, பணியோட்டத்தின் ஒரு படியில் ஓர் எண்ணாக இருக்கிறது. திருத்தும் உரிமை உள்ளவர் அந்த எண்ணின் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால், மேலாளருக்குக் கேள்வியே போகாது. மேலாளர், இந்த மாதம் பெரிய பில்கள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஒப்புதல் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர், எல்லா ஒப்புதல்களையும் தந்தவராகிவிடுகிறார். ஆகவே விதியை மாற்றுவதற்கும் ஒப்புதல் தேவை. திருத்துபவர் ஒரு சோதனைச் சூழலில் திருத்தட்டும். இன்னொருவர் எது மாறியது என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உண்மையான சூழலுக்கு அனுப்பட்டும். உண்மையான சூழலில் நேரடியாகத் திருத்தும் உரிமை யாருக்கும் இயல்பாக இருக்கக் கூடாது. வரம்பு, பெறுநர் முகவரி, வங்கி விவரம் போன்றவற்றைப் படிகளுக்குள் புதைக்காமல் தனி அமைப்புகளாக வெளியே எடுத்துவைத்தால், அவை மாறும்போது மட்டும் கணக்குப் பிரிவின் தலைவருக்குத் தகவல் போகும்படி செய்யலாம்.

இருவர் மட்டுமே உள்ள சிறு அலுவலகத்தில் இவ்வளவும் முடியாது என்பது உண்மை. அங்கே முன்கூட்டிய ஒப்புதலுக்குப் பதிலாக, மாற்றம் நடந்தவுடன் மற்றவருக்குத் தானாகச் செய்தி போகும்படியாவது அமைத்துவிடலாம். அந்தச் செய்தியை நிறுத்தும் உரிமை மாற்றம் செய்தவரிடம் இருக்கக் கூடாது.

சேர்பவர், மாறுபவர், போகிறவர்

புதிதாகச் சேர்பவருக்கு உரிமை தருவதில் சிக்கல் குறைவு. உரிமை இல்லாவிட்டால் அவரே வந்து கேட்பார். வேறு பிரிவுக்கு மாறுபவர்தான் கடினம். புதிய வேலைக்கான குழுவில் சேர்க்கப்படுவார், பழைய குழுவிலிருந்து நீக்கும்படி யாரும் கேட்பதில்லை, இன்னும் ஒரு மாதம் அதையும் பார்த்துக்கொடுங்கள் என்று பழைய மேலாளரும் சொல்லியிருப்பார். பத்து ஆண்டு அனுபவம் உள்ள ஊழியரிடம் அவர் கடந்துவந்த எல்லா மேசைகளின் சாவியும் இருப்பது இப்படித்தான். மனிதவளப் பதிவேட்டில் பிரிவு மாறியதும் குழுவும் தானாக மாறும்படி இணைத்துவிடலாம்; 2015 செப்டம்பரில் வெளியான ஸ்கிம் 2.0 என்ற நெறிமுறை, பயனர், குழு விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் பொது வழியைத் தருகிறது. ஆனால் அது கணக்குகளையும் குழுக்களையும் மட்டுமே நகர்த்தும். அவர் பெயரில் உருவான இணைப்புகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பயன்படுத்தாத கணக்கு தீங்கற்றது என்ற எண்ணமும் ஆபத்தானது. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின், அதாவது வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைய உதவும் கணக்கின், வழியாக. மே மாதம் அதன் எரிபொருள் குழாய்ப்பாதையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதிகளை மறுபார்வை செய்வது பல நிறுவனங்களில் வழக்கமாக இருக்கிறது. மேலாளரிடம் 200 வரிகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, இவர்களுக்கு இந்த உரிமைகள் தொடரலாமா என்று கேட்டால், அவர் எல்லாவற்றுக்கும் சரி என்று குறியிட்டுத் திருப்பித் தருவார். வேறு எதையும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கடந்த 90 நாட்களில் ஒருமுறையும் பயன்படாத உரிமைகளை மட்டும் எடுத்துக் கொடுத்து, இவற்றை நீக்கப்போகிறோம், வேண்டுமென்றால் காரணம் எழுதுங்கள் என்று கேட்டால், பட்டியலும் சுருங்கும், விடையும் உண்மையாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஆண்டிறுதிக் கணக்குப் பணியோட்டங்களை இந்த வடிகட்டலிலிருந்து விலக்கி வைக்க மறக்கக் கூடாது.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில் வரிசைதான் முக்கியம். கணக்கை மூடுவதற்கு முன்பே, அவர் பெயரில் உள்ள இணைப்புகளையும், அவர் உரிமையாளராக உள்ள பணியோட்டங்களையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றையும் சேவைக் கணக்குக்கு மாற்றி, ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, பிழைச் செய்திகள் போகும் முகவரியையும் ஒரு குழு முகவரிக்கு மாற்றிய பின்பே கணக்கை மூட வேண்டும். அவர் கைபட்ட, ஆனால் அவர் பெயரில் இல்லாத சாவிகளும் இருக்கும்: ஒரு மென்பொருள் இன்னொன்றில் நுழையப் படிகளுக்குள் ஒட்டப்பட்ட ஏபிஐ சாவி, பகிர்ந்த கடவுச்சொல், வெளியிலிருந்து பணியோட்டத்தைத் தூண்டும் வெப்ஹுக் முகவரி. அவருடைய கணக்கை மூடினாலும் இவை தொடர்ந்து வேலை செய்யும் என்பதால், இவற்றைப் புதிதாக உருவாக்கிப் பழையவற்றைச் செல்லாததாக்க வேண்டும். நல்லபடியாக விடைபெறும் ஊழியர் என்றால், கடைசி வாரத்தில் அவரோடே உட்கார்ந்து இந்தப் பட்டியலை எழுதுவது நல்லது. எந்தப் பணியோட்டத்தில் எந்த முகவரி நேரடியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது, எது எந்த மாதக் கடைசியில் மட்டும் ஓடும் என்பதெல்லாம் எந்த அட்மின் திரையிலும் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.